மாதிரி இரயிலும் திரும்பு வளையமும்

மேசைமேல் ஓடும் மாதிரி இரயிலை விளையாட்டென்று ஒதுக்குவோர் அதற்கு மின்கம்பி இணைத்துப் பார்க்கவேண்டும். 'எச்.ஓ.' வகையில் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், ஓட்டுவது 12 வோல்ட் நேர்மின்னோட்டம். ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும்.

வண்டியைத் திருப்புவதற்காகப் பாதையை வளைத்து, புறப்பட்ட பாதையிலேயே கொண்டுவந்து சேர்த்தால்தான் தொல்லை. வலத் தண்டவாளம் சுற்றிவந்து இடத் தண்டவாளத்தைத் தொடுகிறது, குறுக்குச் சுற்று! வண்டி அசையாது. குற்றமற்ற என்ஜினைப் பலர் கழற்றிப் பார்ப்பதும் இப்பொழுதுதான்.

வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி இடைவெளி விட்டு, வளையத்துக்குத் தனியாக மின்னிணைப்புத் தரவேண்டும். வண்டி முழுவதும் வளையத்துக்குள் இருக்கும்போதே வெளிப்பாதையின் முனைகளைச் சாவியால் மாற்றிவிட வேண்டும். ஆகவே வளையம் வண்டியைவிட நீளமாக இருத்தல் அவசியம்.

ஜெர்மனியின் மார்க்லின் 'எச்.ஓ.' பாதையில் இரு தண்டவாளங்களும் ஒரே முனை. மறுமுனை நடுவிலுள்ள சிறு முளைகள். அங்கே எதையும் வெட்டவேண்டியதில்லை.