பட்டறையும் ஒரு சமூகமே!

லேத்தைப் படிக்கிறோம். அதன் முன் நிற்கிற மனுஷனைப் படிக்கிறோமா? அதைப் படிப்பதே சமூகவியல்.

அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலை. 1931-32ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கருவிகளுக்கு ஒயரிங் செய்த பிரிவில் 14 பேரைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் கூலி கூடும். ஆனாலும் 'நாளைக்கு இவ்வளவுதான்' என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். மீறினால் கேலிப்பெயர், புஜத்தில் ஒரு குத்து! எழுதாத இந்தச் சட்டமே 'சமூக நெறி'.

ஏன் இப்படி? மூன்று பார்வைகள் உண்டு.

1. செயற்பாட்டுப் பார்வை (டர்க்கைம் வழி): அந்த நெறி குழுவைச் சிதறாமல் கட்டிக் காத்தது.

2. முரண்பாட்டுப் பார்வை (மார்க்ஸ் வழி): முதலாளி நலன் வேறு, தொழிலாளி நலன் வேறு. அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பாங்க, ஆளைக் குறைப்பாங்க என்ற பயம்.

3. இடைவினைப் பார்வை (மீட் வழி): அதிகம் செய்வது திறமையா, துரோகமா என்ற அர்த்தமே அவர்கள் பேச்சிலும் பழக்கத்திலும் பிறந்தது.

எது சரி? ஒரே பொருளுக்கு எலிவேஷன், பிளான், சைடு வியூ வரைகிறோமே, அது போலத்தான், மூன்றும் வேண்டும்.

நாளை நாம் சூப்பர்வைசர் ஆவோம். உற்பத்தி குறைந்தால் உடனே 'சோம்பேறிங்க' என்று சொல்லிவிடாதீர்கள். எதற்குப் பயப்படறாங்கன்னு முதலில் கேளுங்கள்.