தொழிலிடத்து இலத்தீன்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் சில கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகளை நாடிய காலத்தில் இலத்தீனும் அங்கே ஒரு பாடமாய் இருந்தது. அக்காலம் போயிற்று. நாற்பது வயது கடந்தபின் நாம் அம்மொழியைக் கற்கப் புகுந்ததற்குக் காரணம் வீரமாமுனிவரே. பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் அச்சேறியது. மேனாட்டுக் குருமார் இலத்தீன் வழியே தமிழுக்கு வந்தனராயின், தமிழாசிரியராகிய நாம் எதிர்வழியில் நடந்து பார்த்தல் ஆகாதோ என எண்ணினோம். கரவெட்டியில் உயர்தர வகுப்பு மாணாக்கர் இருவரும் மாலைவேளைகளில் எம்முடன் கூடினர்.

தொழில் பற்றிய சொற்களிலிருந்தே தொடங்கினோம். நம்மூர் முதியோர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பர். கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகம் தேடிச் சென்ற கிளாக்கர்மார் இருந்தெழுதிய இடம் அது. அச்சொல் ஒல்லாந்தர் தந்தது. அதன் வேரோ, எண்ணுதல் என்னும் பொருளுடைய 'கொம்புதாரே' என்ற இலத்தீன் வினை. ஆசிரியரைக் குறிக்கும் 'மகிஸ்தெர்' மிகுதி என்னும் சொல்லடியாகவும், ஏவலரைக் குறிக்கும் 'மினிஸ்தெர்' குறைவு என்னும் சொல்லடியாகவும் பிறந்தவை. பின்னதுவே மந்திரிமாருக்குப் பெயராயிற்று என்றறிந்த மாணாக்கர் நெடுநேரம் சிரித்தனர்.

வேற்றுமையில் எமக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. 'திஸ்கிபுலோ இம்பெரோ' என்றால் மாணாக்கனுக்குக் கட்டளையிடுகின்றேன் என்பது பொருள். 'மகிஸ்த்ரோ பாரேயோ' என்றால் ஆசிரியருக்குக் கீழ்ப்படிகின்றேன் என்பது. ஏவுவோன் வாயிலும் பணிவோன் வாயிலும் வருவது நான்காம் வேற்றுமையே. தமிழிலும் இரண்டிடத்தும் 'கு' உருபுதானே வருகின்றது! 'யூபேயோ' என்னும் வினை மாத்திரம் இரண்டாம் வேற்றுமை கொள்ளும். நாமும் 'அவனை ஏவினேன்' என்கின்றோம்.

முன்னிலையிலே தான் வழி பிரிந்தது. இலத்தீனில் ஒருவரை விளிப்பதற்குப் பண்டு 'தூ' ஒன்றே. அடிமை ஆண்டானையும், ஆண்டான் அடிமையையும் அதனாலேயே விளித்தனர். 'தொமினே', அதாவது ஐயா, என்னும் விளியைச் சேர்த்தாலன்றி மரியாதை தோன்றாது. யாழ்ப்பாணத்திலோ நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள்ளன.

'குவிட் ஃபேகிஸ்தி' என்னும் ஒரே வாக்கியத்தை வயற்சொந்தக்காரன் வேலையாளிடமும், வேலையாள் வயற்சொந்தக்காரனிடமும் கூறுவதாகக் கொண்டு தமிழாக்கும்படி பயிற்சி கொடுத்தோம். மாணாக்கன் ஒருவன் முன்னதற்கு 'நீ என்ன செய்தாய்?' என்றும், பின்னதற்கு 'நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்றும் எழுதினான். வேலையாள் அறுபது வயதினர் என்று பயிற்சியிலே சொல்லியிருந்தோம். "மூலத்தில் இல்லாத வேற்றுமை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டோம். "எங்கள் வீட்டில் அப்படித்தான் ஐயா கதைப்பது" என்றான். எம் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. தந்தையினும் மூத்த தொழிலாளரை நாம் சிறுவனாய் நின்று 'நீ' என்றோம்; அவர் எம்மை 'நீ' என்றதில்லை. சாதியின் முறை அது. இலக்கணப் பிழையென எவரும் அதனைத் திருத்தவுமில்லை. இதனை அவனுக்குச் சொன்னோம்.

மறுநாள் அவன் கொப்பியைக் கொண்டுவந்தான். முதல் வாக்கியத்தில் 'நீ' வெட்டப்பட்டு 'நீங்கள்' ஆகியிருந்தது. அவசரத்தில் வினைமுற்றை மாற்ற மறந்துவிட்டான். 'நீங்கள் என்ன செய்தாய்?' என்றிருந்தது. சிவப்பு மையால் அதனையும் திருத்திக் கொடுத்தோம்.