கணக்கு குரூப்பை மாற்றிவிடலாமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் 91 வாங்கியவள், காலாண்டில் 34தான். “கணக்கு இல்லாத குரூப்புக்கு மாத்திடுங்கப்பா” என்று அழுகிறாள். வீட்டில் எல்லோரும் தறி வேலை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. டியூஷனுக்கும் வசதியில்லை. மாற்றிவிடலாமா?
– பட்டு நெசவாளர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: வேண்டாம் ஐயா. ஒரு காலாண்டுத் தேர்வை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள். பத்தாம் வகுப்பில் பயிற்சிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டாலே மார்க் வந்துவிடும். பிளஸ் ஒன்னில் சார்பு, எல்லை, தொடர்ச்சி என்று புதிய கருத்துகள் வருகின்றன. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 9 கழிக்க வேண்டும். அதை, அந்த எண்ணிலிருந்து 3 கழித்து வருவதால் வகுக்க வேண்டும். எண் 3-ஐ நெருங்கினால் விடை எதை நெருங்கும்? 3-ஐயே போட்டால் பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டிவரும். பல பிள்ளைகள் அங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். 2.9 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 5.9 வரும். 2.99 போட்டால் 5.99. 3.01 போட்டால் 6.01. விடை 6-ஐ நோக்கிப் போவது கண்ணுக்கே தெரியும். அதற்குப் பிறகு காரணிப்படுத்திப் போடட்டும். காரணிப்படுத்தவே தடுமாறினால் குறை ஒன்பது, பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் இருக்கிறது. அந்தப் பழைய புத்தகங்களை எடுத்து அதைச் சரிசெய்ய வேண்டும். பாவில் இழை அறுந்தால் முடிபோடாமல் மேலே நெய்வீர்களா?

“பிளஸ் ஒன் போனால் போகட்டும், பிளஸ் டூவில் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் உள்ள ஆறு பாடங்களில் நான்கு நுண்கணிதம். இந்த ஆண்டு வகையிடலும் தொகையிடலும் கைவராவிட்டால் அடுத்த ஆண்டு அந்த நான்கும் மலையாகத் தெரியும்.

பாடப்புத்தகமே போதும். எடுத்துக்காட்டுக் கணக்கின் விடையை மறைத்துக்கொண்டு தானே போட்டுப் பார்க்கட்டும். எந்த வரியில் நின்றுபோகிறதோ, அந்த வரியை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும்.

கணக்கு பிறவியிலேயே வர வேண்டும் என்பார்கள். அதற்கு ராமானுஜனைக் காட்டுவார்கள். அவர் சிறுவயதில் சில காலம் உங்கள் காஞ்சிபுரத்தில் இருந்து படித்தவர். 1903-இல் கையில் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பிலிருந்த தேற்றங்களைத் தானே நிறுவி நிறுவிப் பார்த்தார், அந்த உழைப்பை யாரும் சொல்வதில்லை. மற்ற பாடங்களை விட்டதால் அந்நாளைய கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் அவர் தோற்றதும் உண்மை. இயற்பியல், வேதியியலை உங்கள் மகள் விட்டுவிடக் கூடாது. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் கணக்குக்கு 100, அவை இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கணக்கிலேயே மனம் ஊன்றிவிட்டால், சிறுசேரியில் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம்.

அரையாண்டு வரை பொறுங்கள். இந்த வாரமே காலாண்டு விடைத்தாளை எடுத்துக்கொண்டு, மகளோடு போய்க் கணக்கு ஆசிரியரைப் பாருங்கள்.