கொடுவாள் என்னுஞ் சொல்

கொடுவாள் என்னுஞ் சொல்லுக்குக் கொடுமை செய்யும் வாள் என வகுப்பிற் பொருளுரைப்பாருளர். அது பொருந்தாமையையும், அதனால் வருந் தீங்கையும் சைவாசிரியர்கள் சிந்தித்தற்பொருட்டு ஈண்டு எடுத்துரைப்பாம்.

கொடுமை என்னும் பண்புப்பெயர் வளைவு என்னும் பொருளும் உடைத்து. வில்லைக் கொடுமரம் என்றும், வளைந்த காதணியைக் கொடுங்குழை என்றும் முன்னோர் வழங்கினர். நேராயது செம்மை; வளைந்தது கொடுமை. அரசன்முறை கோடாவழிச் செங்கோல், கோடியவழிக் கொடுங்கோல். திருக்குறளின் 55-ஆம், 56-ஆம் அதிகாரங்கள் செங்கோன்மை, கொடுங்கோன்மை எனப் பெயர்பெற்றமை காண்க. ஆகவே கொடுவாள் என்பது வளைந்த வாள், பண்புத்தொகை. அரிவாள் என்பதோ அரிதற்றொழிலாற் பெயர்பெற்றது, வினைத்தொகை. அதுவே பேச்சுவழக்கில் அருவாள் என வழங்கும்.

இனி, வாள் என்பது படைக்கலத்தையேயன்றி ஒளியையும் உணர்த்தும். தொல்காப்பிய உரியியல் இப்பொருளைக் கூறும். இராவணன் சிவபெருமான்பாற் பெற்ற வாளின் பெயராகிய சந்திரகாசம் என்னும் வடசொல்லும் திங்களின் நகை என ஒளியையே சுட்டுதல் நோக்கத்தக்கது. கயிலையின்கீழ் அடர்ப்புண்டு வருந்திப் பாடிய அவனுக்கு இறைவன் வாளருளிய செய்தி தேவாரத்திற் பயின்று வருவது. ஊவாவில் எல்லவுக்கு அணித்தாயுள்ள அருவி இன்றும் இராவணன் பெயரால் வழங்குகின்றது.

பசறைத் தோட்டங்களிற் பயிலும் பிள்ளைகளுக்கு வளைந்த அலகு புதிதன்று. பெற்றோர் கையிற் கவ்வாத்துக் கத்தியைக் காண்பர். அதன் வளைவு கிளையைப் பற்றி இழுத்தறுக்க உதவுவது. அவ்வறுத்தலும் தேயிலைச்செடி மீளத் தளிர்த்தற்பொருட்டேயாம். முனியாண்டி, கருப்பண்ணசாமி முதலாய காவற்றெய்வங்களின் கையில் அரிவாளைக் காண்பர். வளைந்த வாளெல்லாங் கொடுமைக்கே உரியதெனக் கற்ற பிள்ளை, தன்னைக் காக்குந் தெய்வத்தைக் கொடியதென அஞ்சும். தன் பெற்றோரின் தொழிற்கருவியையும் இழிவாக எண்ணும். சொற்பொருட் பிழை சமயப் பிழையாதல் இங்ஙனமேயாம்.

ஆதலின், ஆசிரியர் முதலிற் கவ்வாத்துக் கத்தியையும் வில்லையும் கரும்பலகையில் வரைந்து, இரண்டிற்கும் பொதுவாயது யாதென வினவுக. வளைவு என்னும் விடை பிள்ளைகளிடமிருந்தே வரும். அதன்பின் கொடுமரம், கொடுவாள், கொடுங்கோல் என முறையே கற்பிக்க. முடிவில், மணிவாசகப்பெருமான் திருப்படையெழுச்சியில் ஞானத்தையே வாளாக வைத்தருளியதை எடுத்துரைக்க. வாள் ஒளியென முன்னரே அறிந்த பிள்ளைக்கு அதன் பொருள் எளிதின் விளங்கும்.