இல்லத்தில் வாழும் மறதி நோயாளரும் அவர்க்கு உதவும் சுற்றமும்

எழுபத்தைந்து வயதான மூதாட்டி ஒருவர் காலை உணவை வயிறார உண்கிறார். அரைமணி நேரம் கழித்து வாயிற்படியில் அமர்ந்து, எதிர்வீட்டு அம்மையாரை அழைத்து, "நேற்றிலிருந்து எனக்கு ஒருவரும் சோறு போடவில்லை" என்று கண்ணீருடன் முறையிடுகிறார். அவர் பொய் கூறவில்லை. உண்ட நினைவு அவரது மூளையில் பதியவே இல்லை. ஆனால் எதிர்வீட்டார் இதனை அறியார். அன்று மாலைக்குள், அவ்வீட்டு மருமகள் மாமியாரைப் பட்டினி போடுகிறாள் என்னும் பேச்சு தெரு முழுவதும் பரவிவிடுகிறது. அம்மருமகளோ முந்தின இரவு மும்முறை எழுந்து அம்மூதாட்டியின் படுக்கையை மாற்றியவள்.

இத்தகைய காட்சி இந்தியாவின் எம்மாநிலத்திலும் காணக்கூடியதே. மறதி நோய் கண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் நாட்டில் தத்தம் இல்லங்களிலேயே வாழ்கின்றனர். அவ்வாறு வாழுமிடத்து, மருத்துவர் செய்யக்கூடியதைக் காட்டிலும் உற்றாரும் அயலாரும் செய்யக்கூடியது பல வேளைகளில் மிகுதியாகும். அவர்கள் விளைவிக்கக்கூடிய தீங்கும் அவ்வாறே. அவ்வுதவியை ஒழுங்குபடுத்துவதற்கு நடந்துள்ள சில முயற்சிகளை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோயின் இயல்பு

டிமென்ஷியா என்பது ஒரே நோயன்று. மூளையின் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் நினைவு, மொழி, காலம் இடம் பற்றிய உணர்வு, தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் திறன் ஆகியவை குன்றிவரும் நிலைக்கு அது பொதுப்பெயர். இந்நிலையை விளைவிப்பவற்றுள் முதன்மையானது, 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் விவரித்த நோயாகும். மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் நேர்வது இன்னொரு வகை.

புதிய செய்திகளைப் பதிய வைக்கும் பகுதி பெரும்பாலும் முதலில் பழுதடைகிறது. இளமைக்கால நினைவுகள் நெடுநாள் எஞ்சி நிற்கின்றன. காலையில் உண்டதை மறந்தவர், அறுபது ஆண்டுகட்கு முன் தம் தாய் சமைத்ததைச் சுவையோடு கூறுவது இதனாலேயே. இதைக் காணும் அயலார், "பழையதெல்லாம் நினைவிருக்கிறதே, இது வேண்டுமென்றே செய்வது" என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தைராய்டுச் சுரப்பிக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், கீழே விழுந்ததால் மண்டையோட்டினுள் உறைந்த இரத்தம் ஆகியவையும் மறதியாகத் தோற்றமளிக்கலாம். இவை பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியவை. எனவே, முதல் முறையேனும் ஒரு மருத்துவர் பரிசோதித்தாக வேண்டும். உண்மையான மறதி நோயை அறவே நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. 2023 முதல் சில நாடுகளில் வழக்கத்திற்கு வந்துள்ள புதிய ஊசி மருந்துகள் அல்ஸைமர் நோயின் தொடக்க நிலையில் அதன் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்துவன; அவ்வளவே.

2023-இல் வெளியான ஓர் அகில இந்திய ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் உளது. ஆடவரினும் பெண்டிரிடையேயும், நகரங்களினும் கிராமங்களிலும் இது மிகுதியாகக் காணப்பட்டது. மருத்துவ நிபுணர்கள் குழுமியிருக்கும் இடமோ நகரம்.

பெயரும் பழியும்

இந்நோய்க்குத் தமிழில் பெயர் தேடப் புகுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. 'மறதி நோய்' என்றால் "எனக்கும்தான் மறதி" என்று எளிதாக விட்டுவிடுவர். 'சித்தப்பிரமை', 'புத்திப் பேதலிப்பு' என்றால் வீட்டார் நாணிக் கதவை அடைப்பர். குறை உடையதாயினும் நாணம் தராத சொல் என்பதனால் முன்னதையே இங்குக் கையாள்கிறோம். பிற மொழியினர்க்கும் இச்சிக்கல் உண்டு. கேரளத்தில் குழந்தைத்தனம் என்று பொருள்படும் 'சின்னன்' என்னும் சொல்லும், கோவாவின் கொங்கணியில் களைத்த மூளை என்று பொருள்படும் ஒரு தொடரும் வழங்குவதை ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர். இவற்றில் இரக்கம் உண்டு. ஆனால் இஃதொரு நோய் என்னும் கருத்து இல்லை.

விக்ரம் பட்டேல், மார்ட்டின் பிரின்ஸ் ஆகிய இருவர் கோவாவில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. மறதி நோயாளர் ஒருவரைப் பற்றிய விவரிப்பைக் கேட்டோர் அத்தகையவரை எளிதில் அடையாளம் கண்டுகொண்டனர். ஆனால் அதற்குக் காரணமாக அவர்கள் கூறியது மூளையின் அழிவையன்று. பிள்ளைகளின் அன்பின்மை, புறக்கணிப்பு, கொடுமை ஆகியவற்றையே. அஃதாவது, நோய்க்குறிகளே மகனுக்கும் மருமகளுக்கும் எதிரான சாட்சியாகக் கொள்ளப்பட்டன. குற்றவாளி எனக் கருதப்படும் ஒரு குடும்பம் எவரிடம் சென்று உதவி கேட்கும்? கூட்டுக் குடும்பமும் அண்டை அயலும் உள்ள நாடு நமது, ஆதலால் இங்கு முதியோர்க்கு ஆதரவு தானாகவே கிட்டும் என்று மேடைகளில் கூறப்படுவதுண்டு. அண்டை அயல் இருந்தால் மட்டும் போதாது என்பதையே கோவா ஆய்வு புலப்படுத்துகிறது.

திரிச்சூரும் கோவாவும்

வீட்டுக்குள் மறைந்துள்ள நோயாளரை முதலில் கண்டறிய வேண்டும். கேரளத்தின் திரிச்சூர் மாவட்டத்தில் டாக்டர் கே. எஸ். ஷாஜியும் அவருடைய குழுவினரும் இப்பணிக்கு மருத்துவர்களை நாடவில்லை. அங்கன்வாடிப் பணியாளர்களையே நாடினர். ஒவ்வொரு வீட்டையும் அறிந்த அப்பெண்களுக்குச் சில மணி நேரப் பயிற்சியே அளிக்கப்பட்டது. பின்னர் அவர்கள் ஐயுற்றுக் குறிப்பிட்டவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்கு மறதி நோய் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்தனர். இம்முடிவு 2002-இல் வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி இவ்வளவு சாத்தியமாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்த வினா, கண்டறிந்தபின் என்ன செய்வது என்பது. இதற்கு விடை காணும் முயற்சி கோவாவில் நடைபெற்று 2008-இல் வெளியாயிற்று. மறதி நோயாளர் உள்ள 81 குடும்பங்கள் அதில் சேர்க்கப்பட்டன. குலுக்கல் முறையைப் போன்றதொரு முறையில் 41 குடும்பங்களுக்கு உடனடியாக உதவி அளிக்கப்பட்டது. ஏனைய 40 குடும்பங்கள் ஒப்பீட்டிற்காக வைக்கப்பட்டன. உதவி அளித்தோர் 'இல்லப் பராமரிப்பு ஆலோசகர்' எனப்பட்டனர். அவர்கள் செவிலியரும் அல்லர், மருத்துவரும் அல்லர். மேல்நிலைப் பள்ளிக் கல்வியும், உள்ளூர் மொழியறிவும், முதியோரிடம் பரிவும் உடையவர்கள். ஒரு வாரம் பயிற்சி பெற்றவர்கள். இரு வாரங்களுக்கு ஒரு முறையேனும் வீடு தேடிச் சென்று, ஆறு மாதங்கள் ஆலோசனை கூறினர். மருந்து தேவைப்படுமிடத்து அறிவுறுத்த மனநோய் மருத்துவர் ஒருவர் பின்னணியில் இருந்தார். குடும்பங்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்துவதும், முதியோர்க்குரிய அரசாங்க உதவிகளை எடுத்துரைப்பதும் அவ்வாலோசகர்களின் கடமைகளாகும்.

விளைவு யாது? உதவி பெற்ற வீடுகளில், பராமரிப்பவரின் மனநலம் தெளிவாக முன்னேறிற்று. நோயாளரின் நடத்தையால் அவர் அடைந்த வேதனை குறைந்தது. நோயாளரின் நடத்தையிலோ செயல்திறனிலோ உறுதியான மாற்றம் நிறுவப்படவில்லை. ஆய்வுக் காலத்தினுள் 18 நோயாளர் இறந்தனர் என்பதையும் கூறவேண்டும். நோய் மாறவில்லையே, பயன் என்ன என்று கேட்போர் இருக்கலாம். இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவரைக் காத்து நிற்பவரது மனம் உடைந்தால் நோயாளரின் கதி என்னவாகும் என்பதை எண்ணுவோர்க்கு இவ்வினா எழாது. பல முதியோர் இல்லங்கள் மறதி நோயாளரைச் சேர்த்துக்கொள்ள இசைவதில்லை. அவருக்கு வேறு போக்கிடமில்லை.

ஆலோசகர் கூறுவன

இத்தகைய ஆலோசகர்கள் கூறும் செய்திகள் மிக எளியவை. மூதாட்டி தம் சொந்த வீட்டிலேயே நின்றுகொண்டு, "எங்கள் வீட்டுக்குப் போகவேண்டும்" என்கிறார். "இதுதானம்மா உங்கள் வீடு" என்று மறுத்துரைத்தால் அச்சம் மிகும். அவர் குறிப்பிடுவது தாம் பிறந்து வளர்ந்த வீடாக இருக்கலாம். "அங்கே யார் யார் இருந்தார்கள்?" என்று கேட்டு, கைபிடித்துத் தெருவில் சிறிது தூரம் அழைத்துச் சென்று திரும்பினால் பெரும்பாலும் அமைதி பிறக்கும். பணப்பையை யாரோ திருடிவிட்டார்கள் என்று கூறினால், வாதிடாமல் கூடச் சேர்ந்து தேடவேண்டும். அவர் பொருள்களை ஒளித்து வைக்கும் இடங்களை அறிந்துவைத்தல் நலம். உணவுபற்றிய முறையீட்டுக்கு, உண்ட தட்டைச் சற்று நேரம் கண்ணெதிரே விட்டுவைத்துப் பார்க்கலாம். அல்லது சிறிதளவு பழம் கொடுத்துவிடலாம்.

குளிக்க மறுப்பவர்களுள் பலர் தலையில் நீர் விழுவதற்கே அஞ்சுகின்றனர். காலிலிருந்து தொடங்கினால் இசைவர். இரவில் அறையிலும் கழிவறை வழியிலும் மங்கலான விளக்கு எரியட்டும். பகலுறக்கம் மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரெனக் குழம்பிக் கூச்சலிட்டால், அதனை மறதி நோயின் போக்கு என்று விட்டுவிடலாகாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிய மருந்து ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். உடனே மருத்துவரை அணுகவேண்டும்.

இவற்றினும் கடினமானது, குடும்பத்தினரிடையே வேலையைப் பங்கிடுவது. வெளியூரிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்புகின்றனர். ஆண்டுக்கு ஒரு முறை வந்து இரண்டு நாள் தங்கி, "அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்" என்று கூறிச் செல்கின்றனர். இவர்களையெல்லாம் ஒன்றாக அமர வைத்து, எவர் எந்நாளில் பொறுப்பேற்பது என்று வெளியாள் ஒருவர் கேட்கும்பொழுதுதான் விடை கிடைக்கிறது. மருமகள் கேட்டால் அது சண்டையாகிவிடும்.

தெருவின் பங்கு

வீட்டைக் கடந்து தெருவும் ஊரும் எவ்வாறு உதவலாம் என்பதற்கு, நம்மினும் முன்னதாக முதுமையடைந்த ஜப்பான் நாட்டைச் சற்று நோக்குவோம். அங்கும் முதற்பணி பெயரைத் திருத்துவதாகவே இருந்தது. மடமை என்னும் பொருள் தொனித்த பழைய சொல்லை 2004-இல் அரசாங்கம் கைவிட்டு, அறிதிறன் குறைபாடு என்னும் பொருள்படும் சொல்லை ஏற்றது. மறு ஆண்டில், கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளி மாணவர் முதலிய பொதுமக்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பாடம் நடத்தி அவர்களை மறதி நோயாளரின் ஆதரவாளராக்கும் திட்டம் தொடங்கிற்று. இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இப்பாடத்தைக் கேட்டுள்ளனர்.

கியூஷூ தீவில் ஒமுதா என்றொரு நகரம் உளது. 1997-இல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டபின் இளைஞர் வெளியேற, முதியோர் மிகுந்த ஊர் அது. வழி தவறிய முதியவரைத் தேடும் ஒத்திகை அங்கு 2004 முதல் நடைபெறுகிறது. ஒருவர் வழி தவறியவராக நடித்துத் தெருக்களில் நடக்கிறார். அவரது அடையாளங்கள் அறிவிக்கப்படுகின்றன. காண்பவர் எதிரே வந்து, மெதுவாக, கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும். முன்பின் அறியாத ஒருவரிடம் அவ்வாறு பேச்செடுக்கும் கூச்சத்தைப் போக்குவதே ஒத்திகையின் முக்கிய நோக்கம்.

நம் ஊர்களில் அக்கூச்சம் குறைவு. இங்கு வேண்டுவது, சொல்லிவைக்கும் துணிவு. பால்காரர், மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பேருந்து நிலையத்தார், காவல் நிலையத்தார் ஆகியோரிடம் முதியவரின் புகைப்படத்தையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, "இவருக்கு மறதி நோய், தனியே கண்டால் உட்காரவைத்து எங்களை அழையுங்கள்" என்று கூறவேண்டும். இதனைக் கூறுவதில் குடும்பத்தார்க்கு மனவேதனை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அறிந்த அயலாரே "சோறு போடவில்லை" என்னும் முறையீட்டைக் கேட்கும்பொழுது, "வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்" என்று கையைப் பிடிப்பர்.

கேரளத்தின் குன்னங்குளத்தில் 1992-இல் தோன்றி இன்று பல நகரங்களில் கிளைகளுடன் இயங்கும் இந்திய அல்ஸைமர் சங்கம் குடும்பத்தாரை ஒன்றுகூட்டி வருகிறது. முதியோர்க்கான மத்திய அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி எண் 14567; மனநல ஆலோசனைக்கு இரவும் பகலும் 14416. ஆனால் கோவாவில் பயன் கண்ட இல்ல ஆலோசகர் என்னும் பணி நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் இன்னும் ஏற்படவில்லை. கிராமங்களில் ஏற்கெனவே பல பணிகளைச் சுமக்கும் ஆஷா பணியாளர்மீது, ஊதியம் கூட்டாமல் இதனையும் ஏற்றுவது நடவாத காரியம்.

அதுவரை, ஒரே ஊரில் மூன்று குடும்பங்கள் கூடினாலும் ஒரு குழு அமைக்கலாம். மாதம் ஒரு முறை பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ சந்திக்கலாம். ஆனால் முதற்கூட்டத்திற்கு முன்பே ஒரு காரியம் ஆகவேண்டும்: அக்கூட்டம் நடக்கும் இரண்டு மணி நேரமும் மூன்று நோயாளரின் அருகிலும் அமர்ந்திருப்பதற்கு மூவரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். அயலாரிடம் கேட்கவேண்டிய முதல் உதவி அதுவே.