பூட்டும் காத்திருப்பும்

கூத்தாநல்லூர்ப் பக்கத்து நெல்வயல் ஒன்றன் குத்தகை முடிந்ததாகக் கணக்கேட்டில் ஒரு வரி அடித்தல் கணப்பொழுதுச் செயல். அவ்வயலின் வைக்கோலை அகற்றுதலோ பன்னாட் செயல். வைக்கோல் அகலுமளவும் ஏட்டைப் பூட்டிவைப்பின், கணக்கு நோக்க வந்தோர் அனைவரும் வாளா நிற்பர் அன்றோ?

லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் என்னும் கருப்பகுதியில் நேர்ந்த இடரும் இத்தன்மைத்து. ஒரு நிரலின் பல இழைகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்தாளும். அதன் பகுதிகளைக் குறித்த ஏட்டிற்கு ஒரு பூட்டு உண்டு. எழுதுவோன் அதனைத் தனியே பற்றுவான். படிப்போர் பலர் ஒருங்கே பற்றலாம். பெரும்பகுதி ஒன்றனை விடுவிக்குங்கால் எழுதும் பூட்டே இறுதிவரை பற்றப்பட்டிருந்தது. ஒரு ஜிகாபைட்டில் 4 கிலோபைட் பக்கங்கள் 2,62,144 உள. நூற்றுக்கணக்கான ஜிகாபைட்டுகளாயின் ஏனைய இழைகள் நெடிது தேங்கின.

2018 டிசம்பரில் வெளிவந்த 4.20ஆம் பதிப்பு இதனைத் திருத்திற்று. முதற்கண் எழுதும் பூட்டின்கீழ் அப்பகுதி ஏட்டினின்று நீக்கப்படும். பின்னர் அப்பூட்டு, படிக்கும் பூட்டாகத் தாழ்த்தப்படும். அதன் பின்னரே பக்கங்கள் விடுவிக்கப்படும். ஏட்டில் இல்லாத பகுதியை எவரும் கண்டடையார் ஆதலின் இம்முறை ஊறற்றது. ஏட்டில் எழுத வேண்டுவோர் மட்டும் இன்னும் காத்திருத்தல் வேண்டும்.

வேலை குறைந்திலது, காத்திருப்பே குறைந்தது. தனியுரிமை வேண்டுவது எத்துணைச் சிறு பகுதிக்கு என்று ஆராய்ந்ததன் பயன் இதுவாம்.