வலி, காலம், இடம்: இரண்டாம் உலகப் போரின் திருப்பங்கள்

முன்னுரை

1939 செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1945 செப்டம்பர் 2ஆம் நாள் ஜப்பான் சரணாகதி ஆவணத்தில் கையொப்பமிட, அது முடிவுற்றது. இடைப்பட்ட நிகழ்ச்சிகளை நாள்வரிசையில் மனனம் செய்தல் தேர்வுக்கு உதவும். போரின் போக்கு ஏன் மாறியது என்பதை அது உணர்த்தாது. வலியும் காலமும் இடமும் அறிந்தே பகைமேற் செல்லல் வேண்டும் என்பது பழந்தமிழ் அறநூலோர் கொள்கை. அம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு இப்போரின் திருப்பங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலி

1940 ஜூனில் பிரான்சு பணிந்தது. பிரிட்டனோ வான்போரில் பணியவில்லை. அப்பகை எஞ்சியிருக்கவே, 1941 ஜூன் 22ஆம் நாள் ஹிட்லர் சோவியத் ஒன்றியத்தின்மீது ஏறத்தாழ 30 இலட்சம் வீரரை ஏவினார். அழிந்த படைகளுக்கு ஈடாகப் புதுப்படைகள் எழுந்தன. தொழிற்சாலைகள் யூரல் மலைப்பகுதிக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. மாற்றான் வலியை அவர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்.

ஜப்பானும் அவ்வாறே பிழைபட்டது. 1941 டிசம்பர் 7ஆம் நாள் ஹவாய்த் தீவுகளின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபோது, அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் அங்கு இல்லை. அவை அழியாது எஞ்சியதன் பயன் ஆறு திங்களில் புலப்பட்டது. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் மூழ்கிய ஜப்பானிய விமானந்தாங்கிகள் நான்கும் பேர்ள் துறைமுகத் தாக்குதலில் பங்கேற்றவையே.

காலம்

குளிர்காலத்திற்கு முன்னரே சோவியத் ஒன்றியம் வீழும் என ஜெர்மானியர் கணக்கிட்டனர்; போதிய குளிர்கால உடையையும் படைக்கு வழங்கவில்லை. அக்டோபர் மாதச் சேறு ஊர்திகளை முடக்கியது. டிசம்பர் 5ஆம் நாள், உறைபனியில், மாஸ்கோவைக் காத்து நின்ற செம்படை எதிர்த்தாக்குதல் தொடங்கியது. விரைந்து முடியும் போர் என்ற எண்ணம் அங்கேயே சிதைந்தது.

இடம்

1942இல் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள ஸ்டாலின்கிராடுக்குள் ஜெர்மானிய ஆறாம் படை புகுந்தது. தெருதோறும் வீடுதோறும் போர் நிகழ்ந்தது. நவம்பர் 19ஆம் நாள் செம்படை, நகரத்தை விடுத்து, அதன் இருமருங்கிலும் வலுக்குறைந்து நின்ற அணிகளைத் தாக்கியது. சில நாள்களில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வளைக்கப்பட்டனர். விமானங்கள் கொணர்ந்த உணவும் எரிபொருளும் தேவையில் பாதியைக்கூட எட்டவில்லை. 1943 பிப்ரவரி 2ஆம் நாள் எஞ்சியோர் சரணடைந்தனர். சிறைப்பட்ட ஏறத்தாழ 91,000 பேரில் தாயகம் மீண்டோர் 6,000 அளவினரே.

அதே காலத்தில் எகிப்தின் எல் அலமைனில் ரோமெலின் படையும் தோற்றது. வழங்கு துறைமுகங்களை நெடுந்தொலைவு பின்னே விட்டு வந்த அப்படையைப் பெட்ரோல் பற்றாக்குறை வாட்டியது.

முடிவுரை

இவற்றின் பின் நிகழ்ந்த 1943 குர்ஸ்க் போரும், 1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டித் தரையிறக்கமும் இத்திருப்பங்களின் தொடர்ச்சியே. எனினும், வலியும் காலமும் இடமும் வெற்றியை அளப்பன. அறத்தை அளப்பன அல்ல. அம்மூன்றையும் அறிந்து வென்றோரே 1945 ஆகஸ்டு 6, 9 ஆகிய நாள்களில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின்மீது அணுகுண்டு வீசினர். அவ்வாண்டு முடிவதற்குள் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் படைக்கலம் ஏந்தாதோர். வரலாறு பயிலும் மாணவர், வென்றவர் யார் என்பதோடு நில்லாது, மாண்டவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவே அறத்தின் அளவுகோல்.